அக்காக்கள் நடத்தும் பள்ளிக்கூடம்

கோடைக்கால வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) தொடங்கி ஞாயிறு காலை வகுப்பு வரை, தமிழக ஆலயங்களின் சிறுவர் ஊழியம் சம்பளமில்லாத தன்னார்வலர்களின் தோளில் நிற்கிறது. அவர்களுக்குச் சபை என்ன கொடுக்கிறது? அவர்களை நம்பி வரும் பிள்ளைகளுக்கு என்ன காவல் இருக்கிறது?

மே மாதத்துக் காலை, மணி எட்டரை. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றின் ஆலய வாசலில் செருப்புகள் குவியத் தொடங்கிவிட்டன. பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பெண் ஒருத்தி, வேப்பமர நிழலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வருகிற பிள்ளைகளின் பெயரைக் கேட்டு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சட்டையில் பின் குத்திவிடுகிறாள். மஞ்சள் அட்டை பிகினர், பச்சை பிரைமரி, நீலம் ஜூனியர், சிவப்பு இன்டர்மீடியட். உள்ளே பொறியியல் படிக்கும் இளைஞன் கீபோர்டு வயரோடு மல்லுக்கட்டுகிறான். பின்கட்டில் பெரிய டிரம்மில் ரஸ்னா கரைகிறது. ஆச்சியின் முந்தானையை விட மறுத்து அழும் மூன்று வயதுப் பையனை நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் இடுப்பில் தூக்கிக்கொண்டு, மணிக்கூண்டுப் புறாக்களைக் காட்டப் போகிறார்.

ஒன்பதுக்கு மணி அடிக்கிறது. நூறு குரல்கள் ஒன்றாக எழும்புகின்றன. கை மேலே, கை கீழே, ஒரு சுற்று, ஒரு குதி. ஆக்‌ஷன் சாங் முடிவதற்குள் பாதிப் பேருக்குச் சட்டை நனைந்துவிட்டது. “ஏக்கா, இவன் என் அட்டையப் புடுங்கிட்டாங்க்கா” என்று அன்றைய முதல் புகார் வருகிறது.

குருவானவரையும் சபை ஊழியரையும் தவிர இங்கே சம்பளம் வாங்குகிறவர் எவருமில்லை. கல்லூரி விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள், போன வருஷம் வரை இதே பாயில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள், வருஷம் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்த ஆசிரியைகள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுப் பெண்கள் ஆகியோர்தான் இந்தப் பத்து நாள் வகுப்பையும் நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு இவர்கள் அக்கா, அண்ணன். மீறிப்போனால் டீச்சர்.

ஏப்ரல், மே மாதங்களில் நெல்லை, குமரி தொடங்கிச் சென்னை வரை ஆலயம் ஆலயமாக இந்தக் காட்சி நடக்கிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று சபை மாறினாலும் முறை பெரிதாக மாறுவதில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44 லட்சம் பேர், மாநில மக்களில் 6.12 சதவீதம், குமரி மாவட்டத்தில் மட்டும் 46.85 சதவீதம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வயதில் இந்தப் பாயில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

ஆலய வளாகங்களில் இன்று இரண்டு பேச்சுகள் அடிபடுகின்றன. ஒன்று, கமிட்டிக்காரர்கள் உரக்கச் சொல்வது: வகுப்பெடுக்க ஆள் கிடைப்பதில்லை. மற்றது, பெற்றோர் தாழ்ந்த குரலில் கேட்பது: பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறோம்? இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்ப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ஆள் கிடைத்தால் போதும் என்று தவிக்கும் சபைக்கு, வந்த ஆள் யார் என்று விசாரிக்க மனம் வருவதில்லை. விசாரணையும் பயிற்சியும் ஓய்வும் இல்லாத இடத்தில் நல்ல ஆள் நெடுநாள் தங்குவதும் இல்லை.

கூலிக்குத் தொடங்கிய ஞாயிறு

சம்பளமில்லாத சேவையின் மூத்த உதாரணமாகக் கருதப்படும் ஞாயிறு பள்ளி, உண்மையில் கூலி கொடுத்துத் தொடங்கப்பட்டது. 1780இல் இங்கிலாந்தின் கிளஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரைக்ஸ், ஊசித் தொழிற்சாலைகளில் ஆறு நாளும் உழைத்துவிட்டு ஞாயிறன்று தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்காகச் சில பெண்களை அமர்த்தினார். ஒரு ஞாயிறுக்கு ஒரு ஷில்லிங் கூலி. பாடம், எழுத்துக்கூட்டி வாசிப்பது; வாசிக்கும் புத்தகம் பைபிள். பள்ளிக்கூடத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அதுதான் ஒரே பள்ளிக்கூடம்.

பின்னர் மெதடிஸ்டுகள் உள்ளிட்ட பலர் கூலி வாங்காமல் கற்பிக்க முன்வந்தார்கள். அதன் பிறகே இந்த முறை நாடு முழுக்கப் பரவியது. 1831இல் பிரிட்டனில் ஞாயிறு பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் 12 லட்சத்துக்கும் அதிகம். 1870இல் கல்விச் சட்டம் வந்து, எழுத்தறிவிக்கும் பொறுப்பு வாரநாள் பள்ளிகளுக்குப் போன பிறகு, ஞாயிறுக்கு வேதபாடம் மட்டும் மிஞ்சியது.

கோடைப் பள்ளிக்கு வேறு கதை. நியூயார்க்கில் 1901இல் ராபர்ட் போவில் என்ற பாப்டிஸ்ட் போதகர் மூன்று விஷயங்களைக் கவனித்தார். விடுமுறையில் தெருவில் திரியும் பிள்ளைகள், வாரநாளில் பூட்டிக் கிடக்கும் ஆலயங்கள், கோடையில் வேலையின்றி இருக்கும் கல்லூரி மாணவர்கள். மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நெல்லைச் சீமையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. பரீட்சை முடிந்த பிள்ளைகள், கல்லூரி விடுமுறை, காலியாக நிற்கும் ஆலயம்.

பெட்டிச் செய்தி: நடந்துவந்த பாதை

1780: கிளஸ்டரில் ராபர்ட் ரைக்ஸின் ஞாயிறு பள்ளி.
1876: அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் உருவானது. பின்னாளில் அதன் தலைமையகம் நீலகிரியின் குன்னூருக்கு வந்தது.
1898: நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, ஒரு பீர் கடையை வாடகைக்கு எடுத்து, ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடை வேதாகமப் பள்ளி நடத்தினார்.
1901: போவிலின் முயற்சியால் விடுமுறை வேதாகமப் பள்ளி ஓர் இயக்கமாக வளரத் தொடங்கியது.
1950கள்: தமிழ்நாட்டு வி.பி.எஸ். ஊழியர்களிடையே ஜெபக்குழுக்கள் தோன்றின. வட இந்தியாவுக்கு மிஷனரிகளை அனுப்பும் ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட், அந்தப் பத்தாண்டின் இறுதியில் இவற்றிலிருந்து பிறந்தது.
2020: ஊரடங்கால் ஏப்ரல், மே வகுப்புகள் நின்றன. பல சபைகள் ஜூம் வழியாகவும் வாட்ஸப் வழியாகவும் நடத்தின.

பதினேழு வயதில் முதல் வகுப்பறை

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வி.பி.எஸ். என்பது பாட்டும் கதையும் பன்னும். உள்ளே இருப்பவருக்கு அது தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும். புதுப் பாட்டுகளை அசைவோடு கற்றுக்கொள்ள வேண்டும். பத்து நாளைக்கும் கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு ஆகியவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வகுப்பு நடக்கும் நாட்களில் மதியம் வீடு திரும்பி, மாலையில் வராத பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போய், இரவில் மறுநாளுக்கான சார்ட்டை வெட்டி ஒட்டி முடிக்கும்போது ஊர் உறங்கியிருக்கும். கடைசி நாள் ராலி. பிள்ளைகளை வரிசையாகத் தெருவில் அழைத்துச் சென்று, மாலையில் நிறைவு விழா மேடையேற்ற வேண்டும்.

இந்த உழைப்பு வீணாவதில்லை. ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்று, ஒரு கதையை எங்கே நிறுத்தினால் அவர்கள் வாய் பிளப்பார்கள் என்று பதினேழு வயதில் கண்டுகொள்கிறவருக்கு, எந்த பி.எட். கல்லூரியும் அதைவிட நல்ல தொடக்கம் தர முடியாது. கூட்டத்தில் பேசக் கூசிய பெண் பத்தாம் நாள் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சி தொகுக்கிறாள். வீட்டில் கடைக்குட்டியாக வளர்ந்த பையன், முழங்காலில் சிராய்த்துக்கொண்டு அழும் குழந்தையைத் தேற்றுகிறான். தென் மாவட்டங்களில் ஆசிரியப் பணிக்குப் போனவர்களில் பலருக்கு முதல் வகுப்பறை ஆலயத்து வராந்தாதான்.

கோடையாவது பத்து நாளில் முடிந்துவிடும். ஞாயிறு வகுப்புக்கு முடிவே கிடையாது. வருஷத்துக்கு 52 ஞாயிறு. நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை, அதோடு கேரல் ரவுண்ட்ஸ். பிறகு ஞாயிறு பள்ளித் தேர்வு, பேச்சுப் போட்டி, வசனப் போட்டி. பல சபைகளில் பாடகர் குழுவிலும் பெண்கள் ஐக்கியத்திலும் ஆலயம் கூட்டுவதிலும் இருப்பவர்கள்தான் வகுப்பும் எடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆராதனை நடக்கும் நேரத்திலேயே வகுப்பும் நடக்கிற நகரச் சபைகளில், மாதக்கணக்கில் ஒரு பிரசங்கத்தைக்கூட முழுதாகக் கேட்காத ஆசிரியைகள் இருக்கிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு வேதம் சொல்பவருக்குத் தன் ஆராதனை கிடைப்பதில்லை. இதைச் சபை ஒரு குறையாகவே பார்ப்பதில்லை. “அவங்க ஊழியத்துக்குன்னே பிறந்தவங்க” என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறது.

பணமும் அப்படித்தான். காம்பவுண்டுச் சுவருக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் கமிட்டியில் ஒதுக்கீடு உண்டு. கிரேயானுக்கும் பரிசுக்கும் அக்காவின் கைப்பை. ஒரு சபை சிறுவர் ஊழியத்தை எவ்வளவு மதிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பிரசங்கத்தைக் கேட்க வேண்டாம், வருஷாந்தர வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் போதும்.

ஆள் குறைவதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். பெண்கள் திருமணமாகி வேறு ஊர் போகிறார்கள். ஞாயிறு காலையை டியூஷனும் நீட் கோச்சிங்கும் எடுத்துக்கொள்கின்றன. பெரியவர்களுக்கு இது அட்டவணைச் சிக்கல். பிள்ளைகளுக்கு வேறு. தன் வீட்டுச் சண்டையை முதன்முதலாக ஒரு அக்காவிடம் சொன்ன எட்டு வயதுச் சிறுமி, அடுத்த மாதம் அந்த இடத்தில் புதுமுகத்தைப் பார்க்கிறாள். மறுபடி வாய் திறக்க எத்தனை காலம் ஆகுமோ! போகிறவர் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போவதும், வருகிறவரை முன்கூட்டியே அறிமுகப்படுத்துவதும் செலவில்லாத வேலைகள். அவைகூடப் பெரும்பாலும் நடப்பதில்லை.

மேடை ஏறும் பிள்ளை, ஏறாத பிள்ளை

இந்த வகுப்பு பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்ன? முதல் மேடை, முதல் மைக், முதல் பரிசு. நாலு வரி வசனத்தைத் திக்காமல் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கும் பையனுக்கு அன்று கிடைக்கும் தைரியம் பிறகு பள்ளியிலும் இன்டர்வியூவிலும் துணை நிற்கிறது. தாள வாத்தியமோ கீபோர்டோ முதலில் தொட்ட இடம் ஆலயம்தான் என்று சொல்லும் இசைக்காரர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

அதே மேடையில் சில பிள்ளைகள் ஏறுவதே இல்லை.

கிறிஸ்துமஸ் நாடகத்தைக் கவனியுங்கள். மரியாளாகவும் காபிரியேல் தூதனாகவும் யார் நிற்கிறார்கள், சாத்தானாகவும் ஏரோதின் சேவகனாகவும் யார் நிற்கிறார்கள்? பல ஊர்களில் தோல் நிறம் பார்த்தே வேஷம் பிரிக்கப்படுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் ஏழு வயதுக் கறுத்த பிள்ளைக்குச் செய்தி தெளிவாகப் போய்ச் சேர்கிறது. தெருவைப் பார்த்துக் குழு பிரிவதும், கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கே மேடைப் பேச்சு கிடைப்பதும் இதே வகை. சாதி ஆலயத்து வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பது தமிழகச் சபைகளுக்குத் தெரியாத உண்மை அல்ல. அதை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் இடமாக ஞாயிறு வகுப்பு ஆகிவிடக் கூடாது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மேல்மாடி வகுப்பறை எட்டாது. சத்தம் தாங்காத ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஸ்பீக்கர் பக்கத்து இடம் வேதனை. ‘அடங்காத பையன்’ என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறவர்களில் சிலர் மருத்துவ உதவி தேவைப்படுகிறவர்கள். அதை அடையாளம் காண அண்ணனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பயமுறுத்தும் கதைகளையும் பேச வேண்டும். கீழ்ப்படியாத பிள்ளைக்கு நரக அக்கினியை விரிவாக வருணிப்பது பல ஆசிரியர்களுக்கு வகுப்பை அடக்கும் எளிய வழி. அன்றிரவு தூக்கத்தில் அலறும் குழந்தையின் வீட்டுக்கு அந்த ஆசிரியர் போவதில்லை. காதைத் திருகுவதும் தலையில் குட்டுவதும் இன்னும் நடக்கின்றன. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் தப்பு என்று ஆகிவிட்ட ஒன்றை ஞாயிற்றுக்கிழமை அன்பு என்று சொல்லிச் செய்ய முடியாது.

“நம்ம பையன்தானே”

எல்லாவற்றிலும் கனமான விஷயம் இது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசியது. ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பிள்ளை நம்பிய இடத்தில் இருந்தவர்கள்.

நம்பிய இடம் என்பதில் ஆலயமும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையை விசாரித்த அரசு ஆணையம் 2020 அக்டோபரில் அறிக்கை தந்தது. 1940களிலிருந்து 2018 வரை அந்தச் சபையின் குருக்களும் பொறுப்பில் இருந்தவர்களுமாக 390 பேர் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஹூஸ்டன் கிரானிக்கிள், சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ் என்ற இரு அமெரிக்க நாளிதழ்கள் தெற்கு பாப்டிஸ்ட் சபைகளைப் பற்றி எழுதின. இருபது ஆண்டுகளில் சுமார் 380 பேர் மீது பாலியல் குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டவர்கள் 700க்கும் மேல். அந்த 380 பேரில் போதகர்கள் மட்டுமல்ல, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் இருந்தார்கள். ஓர் ஊரில் சந்தேகம் எழுந்ததும் சத்தமில்லாமல் விலகி, அடுத்த ஊர்ச் சபையில் மறுபடி பிள்ளைகளிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களும் உண்டு.

தமிழ்நாட்டிலும் சிறுவர் ஊழியத்துக்கு ஆள் சேரும் முறை பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. “நம்ம பையன்தானே.” யாருடைய மகன், எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் போதும். விண்ணப்பம் இல்லை, முந்தைய சபையில் விசாரிப்பது இல்லை, பயிற்சியில் பாதுகாப்பு பற்றிய பாடம் இல்லை. புகார் வந்தாலோ முதலில் நடப்பது குடும்ப மானம் பற்றிய பேச்சு. அடுத்து ‘சபைக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்’ என்ற சமரசம்.

அந்தச் சமரசமே சட்டப்படி குற்றம். பல கமிட்டிகளுக்கு இது இன்னும் தெரியாது.

பெட்டிச் செய்தி: போக்சோ சட்டம் சொல்வது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது.
19ஆம் பிரிவு: குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்கு தொடர முடியாது.
21ஆம் பிரிவு: சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.
5ஆம் பிரிவு: மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் பாலியல் வன்கொடுமை, கடுமை கூடிய குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு கடுங்காவல்.
23ஆம் பிரிவு: பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது.
குழந்தைகள் உதவி எண்: 1098.

2020இல் வந்த போக்சோ விதிகள் இன்னொரு படி மேலே போயின. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. அந்த விதி பேசுவது நிறுவனத்தின் பணியாளர்களைப் பற்றி. சம்பளமில்லாமல் வருகிற அண்ணனும் அக்காவும் அதற்குள் அடக்கமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். சபை காத்திருக்கத் தேவையில்லை. பிரிட்டனில் தன்னார்வலருக்கான குற்றப் பின்னணிச் சரிபார்ப்பை அரசு கட்டணமின்றிச் செய்கிறது. இங்கே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வசதி இருக்கிறது. அதற்கான செலவு ஒரு நிறைவு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இருக்காது.

சரிபார்ப்பு மட்டும் போதாது. இதுவரை பிடிபடாதவர் மீது எந்தப் பதிவும் இருக்காது. அதனால்தான் உலகெங்கும் சிறுவர் பாதுகாப்பு நெறிகள் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள், அவர்கள் ஒரே குடும்பத்தினராக இல்லாதது நல்லது. கதவு திறந்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு அழைத்துப் போவதற்கும், பைக்கில் வீட்டில் விடுவதற்கும், இரவு ஒத்திகைக்கும், தனிப்பட்ட வாட்ஸப் செய்திக்கும் இந்த விதி பொருந்தும். ஆள் குறைவு என்பதற்காக இதைத் தளர்த்தக் கூடாது. இரண்டு பேர் இல்லையென்றால் இரண்டு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தலாம்.

இந்த விதி பிள்ளையை மட்டும் காப்பதில்லை. பொய்ப் புகாருக்கு அஞ்சிச் சிறுவர் ஊழியத்தின் பக்கமே வரத் தயங்கும் நல்ல இளைஞர்கள் உண்டு. பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற ஏற்பாடு அவர்களுக்கும் கவசம். விதி வந்தால் ஆள் வராது என்று கமிட்டிகள் பயப்படுகின்றன. ஆனால் தெளிவான விதி இருக்கும் இடத்தில்தான் பொறுப்புள்ளவர்கள் துணிந்து பெயர் கொடுப்பார்கள்.

சம்மதக் கடிதம் எங்கே?

வி.பி.எஸ்.ஸுக்குக் கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. பாட்டுச் சத்தம் கேட்டு, பள்ளித் தோழன் கூப்பிட்டு, அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். ஊருக்குள் இது பெரும்பாலும் இயல்பாக நடப்பது. பெற்றோருக்கும் தெரியும். ஆனால் தெரியும் என்பது வேறு, சம்மதித்தார்கள் என்பது வேறு.

2017 மே மாதம், நாக்பூரில் நடக்கவிருந்த கோடை வேதாகம முகாமுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த சிறுவர்களை மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நிலையத்தில் ரயில்வே போலீஸார் இறக்கினர். உடன் சென்ற பெரியவர்கள் கைதாயினர். தாங்கள்தான் அனுப்பிவைத்தோம் என்று பெற்றோர் சொன்னார்கள். பிள்ளைகளை ஊர்விட்டு ஊர் அழைத்துச் செல்லும் எந்தச் சபைக்கும் இது பாடம். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும் தொடர்பு எண்ணும் கையில் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட வண்டியேற்றக் கூடாது.

இதில் சட்டத்தைவிடப் பெரிதாக நேர்மையும் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் மைனர் பிள்ளைக்கு மதபோதனை தர வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. ஆலயத்து வகுப்பு அந்தப் பிரிவுக்குள் வராவிட்டாலும் அதிலுள்ள நியாயம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். தன் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லா மதத்துத் தாய்க்கும் உண்டு.

படங்களுக்கும் இதே கேள்வி. பிள்ளைகளின் முகமும் பெயர் அட்டையும் தெளிவாகத் தெரியும் படங்கள் அன்று மாலையே ஃபேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன. எந்த ஊர், எந்த ஆலயம், எத்தனை மணி வகுப்பு என்ற விவரமும் கூடவே போகிறது. படம் எடுப்பதற்கு முன் பெற்றோரைக் கேட்பது வழக்கமாக வேண்டும்.

கீற்றுப் பந்தலும் வாடகை வேனும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெளியேறும் வழி குறுகலாக இருந்தது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால் கோடை வகுப்புக்காக ஆலய வளாகத்தில் தற்காலிகமாகப் போடும் பந்தலை யாரும் ஆய்வு செய்வதில்லை. பந்தலுக்கு அருகில் அடுப்பு, பந்தலுக்குள் மின்வயர், ஒரே ஒரு வாசல் என்று அமைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டுகிற இடங்கள் இருக்கின்றன.

ராலிக்கு வாடகை வேனில் அளவுக்கு மீறி ஏற்றுவது, கடற்கரைக்கும் அணைக்கட்டுக்கும் நீந்தத் தெரியாத பிள்ளைகளை நாலைந்து பேர் பொறுப்பில் அழைத்துப் போவது, மே மாத நண்பகலில் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் தெருவில் நடக்கவிடுவது எல்லாம் வருஷா வருஷம் நடக்கின்றன. முதலுதவிப் பெட்டி எங்கே என்று எத்தனை அண்ணன்களுக்குத் தெரியும்? எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், யாருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று பெயர் அட்டை எழுதும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

அடுத்த ஏப்ரலுக்கு முன்

சபைகள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சிறுவர் ஊழியத்துக்குத் தனி நிதி ஒதுக்கி, அக்காவின் கைப்பையைக் காப்பாற்றுங்கள். புதிதாக வருகிறவரை முதல் நாளே தனி வகுப்பில் விடாமல், சில மாதம் மூத்தவரோடு உதவியாளராக வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிளஸ் டூ பிள்ளையும் சட்டப்படி குழந்தைதான். அவரிடம் ஒரு வகுப்பின் முழுப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். சுழற்சி முறை வைத்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் மாதம் ஒரு ஞாயிறாவது ஓய்வும் ஆராதனையும் கிடைக்கச் செய்யுங்கள். புகாரைப் பெற ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொறுப்பாளர்களாக இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது கமிட்டிக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் வகுப்பறைச் சுவரில் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல் ஒருமுறை உள்ளே வந்து பாருங்கள். வகுப்பில் எத்தனை பெரியவர்கள், அவர்களை யார் விசாரித்துச் சேர்த்தார்கள், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல ஆசிரியை இந்தக் கேள்விகளை வரவேற்பார். உங்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஓய்வு இருந்தால், அந்த இரண்டாவது பெரியவராக நீங்களே பெயர் கொடுங்கள். அடுத்த வி.பி.எஸ்.ஸுக்கு ஆசிரியர் பட்டியல் தயாராவதற்கு முன்பே இந்த விஷயத்தைச் சபைக் கூட்டத்தில் எழுப்பி, பாதுகாப்பு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.